நூற்றுக்கு முப்பத்தெட்டு

என் மனைவி விமர்சகர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நேற்றுப் பார்த்த சினிமாவைப் பற்றியோ சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றியோ வாய் தவறி "சூப்பர்" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால், "எது சூப்பர்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். என் தம்பி மனைவி ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து ஓடினாள். அது எங்கள் வீட்டு அடுப்பு. அதில் பால் எதுவும் இல்லை.

கல்லூரியில் அவள் இலக்கியப் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நடுப்பக்கத்தில் அவளுடைய பத்தி வரும். மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி மேடம். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். உள்ளூரச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கல்யாண வீடுகளில் என்னை "மேடம் வீட்டுக்காரர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். பல வருடமாக இதைக் கேட்டு எனக்கும் என் பெயர் மறந்துவிடும் போலிருக்கிறது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் துறையில் இருந்தவர்கள் எல்லாம் பெரிய காவியங்களில் கரை கண்டவர்கள். இவள் வகுப்புக்கு ஒரு சோப்பு உறையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த உறையில் இருக்கும் பெண் ஏன் சிரிக்கிறாள், துணி துவைத்துவிட்டு யாராவது அப்படிச் சிரிப்பார்களா, அந்தச் சிரிப்பு யாருக்காக என்று ஒரு மணி நேரம் பாடம். செய்தி துறைத் தலைவர் காதுக்குப் போனது. கூப்பிட்டுக் கேட்டார்.

"இது இலக்கியத் துறையா, மளிகைக் கடையாம்மா?"

"எதுவா இருந்தா என்ன சார், சரக்கு நல்லா இருக்கான்னு பாத்துத்தானே வாங்கணும்?"

இந்த வாயால்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாகப் பல வருடம் பிடித்தது. அதற்குள் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மின்விசிறி உள்ள அறைக்குப் போய்விட்டார்கள். இவளுக்குக் கிடைத்தது தாழ்வாரத்தின் கடைசி அறை, கழிப்பறைக்கு அடுத்தது. ஜன்னல் கொக்கி விழாது. இரும்பு அலமாரியின் கதவு தானாகத் திறந்துகொள்ளும். பேப்பரை மடித்துச் செருகி வைத்திருப்பாள். மூன்று நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். வாதம் பண்ண வருகிற மாணவர்களை அதில்தான் உட்கார வைப்பாள். "ஆடாம உக்காந்து பேசினா, பேச்சும் ஆடாம இருக்கும்" என்பாள்.

பத்தி எழுத ஆரம்பித்த பிறகுதான் ஊருக்கு அவளைத் தெரிந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார்கள் ஏன் எப்போதும் மாடிப்படியில் நின்று பேசுகிறார்கள் என்று எழுதினாள். போட்டோ ஸ்டுடியோக்களில் அருவியும் மாளிகையும் வரைந்த திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களைப் பற்றி எழுதினாள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகைகளில் "தயவுசெய்து" என்ற வார்த்தை எவ்வளவு கோபத்தோடு எழுதப்படுகிறது என்று எழுதினாள். ஒரு தொடர் இயக்குநர் வீட்டுக்குப் போன் பண்ணிக் கரடியாகக் கத்தினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். அரைமணி கழித்து அவர், "அப்ப மாமியாரை எங்கதான் நிக்க வைக்கிறது மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் முதலில் கேட்பவன் நான். சமையலறை மேசையில் எதிரே உட்கார வைத்து முழுப் பத்தியையும் வாசிப்பாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எந்த இடத்தில் தண்ணீர் டம்ளரைத் தொடுகிறேனோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். அங்கே போரடிக்கிறது என்று அர்த்தம். தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்க முடியாமல் குடும்பம் நடத்திய மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் எப்படி இதில் வந்து மாட்டினேன் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு கட்டுரைதான் காரணம்.

அவள் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, பஸ் நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களைப் பற்றி ஒரு சிறு பத்திரிகையில் எழுதினாள். ஊர் இரண்டுபட்டது. அந்த நேரத்தில்தான் என் கடைக்குக் கண்ணாடி போட வந்தாள். கையில் அந்தப் பத்திரிகை. லென்ஸ் தயாராகும்வரை நான் அதை வாங்கிப் புரட்டினேன். 'இந்தப் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் படிப்பதில்லை. கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள்' என்று ஒரு வரி. தூக்கிவாரிப் போட்டது. நானும் அந்த நாவல்களைப் படிக்கிறவன்தான். என்னைத்தான் திட்டுகிறாள். ஆனாலும் இவ்வளவு துணிச்சலாக ஒரு பெண் திட்டுகிறாளே என்று ஆசையாக இருந்தது. கண்ணாடியைக் கொடுக்கும்போது அந்த வரியை அப்படியே ஒப்பித்தேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், ஆள் அவுட்.

அந்தக் கட்டுரைதான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. பத்தி எழுதும் வாய்ப்பும் அதனால்தான் வந்தது. எந்த மேடையில் அவளை அறிமுகப்படுத்தினாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் அதைப் புகழ்வார்கள், யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவளும்தான். அச்சில் வந்துவிட்டால் தன் எழுத்தைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. "பழச அரைச்சிட்டு இருந்தா புதுசு எப்ப எழுதறது?" என்பாள்.

ஓய்வு பெறும் வருடம் நெருங்கியபோது ஒரு பதிப்பாளர் வந்தார். ஒல்லியான மனிதர், ஒலிபெருக்கி இல்லாமலே மாநாட்டில் பேசலாம், அப்படி ஒரு குரல். அவளுடைய கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இத்தனை எழுதியும் அவள் பெயரில் ஒரு புத்தகம் கிடையாது. வெளியே "எதுக்குங்க இதெல்லாம்" என்று பிகு செய்துகொண்டாலும், அலமாரியில் அந்தப் புத்தகத்துக்கு அவள் இடம் ஒதுக்கியதை நான் பார்த்தேன். இரண்டு அகராதிகளை மேல்தட்டுக்கு மாற்றியிருந்தாள். பதிப்பாளருக்கு ஒரே நிபந்தனை: மாத நாவல் கட்டுரைதான் முதலில் வர வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அது நடந்தது.

மாத நாவல்களைப் பற்றிக் கடைசி வருட மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய துறையில் பெயரை மறைத்து எண்ணை மட்டும் போட்டுத்தான் கொடுப்பார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக் கூடாது என்று. நான் எதிரே உட்கார்ந்து ஒரு கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம். திடீரென்று, "ஐயோ, இதைக் கேளுங்களேன்" என்றாள்.

"என்ன?"

"ஒரு ஆளு எழுதியிருக்கு பாருங்க. முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்லியாச்சு. விசாரணை எங்கன்னு தேடித்தான் பாக்கணும். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. ஆனா நடை இருக்கே, அப்படியே வழுக்கிட்டுப் போகுது. அதான் ஆபத்து." சிவப்பு மையால் ஓரத்தில் எழுதிக்கொண்டே பேசினாள். "திமிர் பாருங்க: 'படிக்கிறவர்கள் படிப்பதில்லை, அவர்கள் தூங்குகிறார்கள், கண்கள் மட்டும் திறந்திருக்கின்றன.' யாரு தூங்கறா? எழுப்பிப் பாத்தியா நீ?"

திருகாணி என் கையிலிருந்து நழுவியது. வார்த்தைகளைக் கொஞ்சம் இடம் மாற்றியிருந்தாலும் எனக்கா தெரியாது? அந்த வரியை வைத்துத்தானே கல்யாணமே பண்ணினேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"எவ்வளவு போட்ட?"

"முப்பத்தெட்டு. நாப்பது எடுத்தாத்தான் பாஸ்."

"அது உன்னோடது."

"எது?"

"அந்தக் கட்டுரை. நீ எழுதினது. மாத நாவல்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தாளை எடுத்து முதலிலிருந்து படித்தாள். பாதியில் நிறுத்தி, எழுந்து போய்ப் பதிப்பாளருக்காக எடுத்து வைத்திருந்த பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

எழுதியது ஒரு மாணவி என்று பிறகு தெரிந்தது. கல்லூரிக்கு வெளியே விற்கும் ஒரு கைடில் அந்தக் கட்டுரை யார் எழுதியது என்ற விவரமே இல்லாமல் இருந்திருக்கிறது. "படிக்க நல்லா இருந்துச்சு மேடம், அதான்..." என்று அழுதாளாம். வேறொருவராக இருந்தால் அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். இவள், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. போ, பஸ் நிலையத்துல நாலு பேர்கிட்ட பேசிட்டு வந்து நீயே திரும்ப எழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். முப்பத்தெட்டை மாற்றவில்லை.

மாணவி தப்பித்தாள். மாட்டிக்கொண்டது என் மனைவிதான்.

அந்த வாரம் பத்தி வரவில்லை. உடம்பு சரியில்லை என்று பேப்பர்காரர்களிடம் சொல்லச் சொன்னாள். அடுத்த வாரமும் வரவில்லை. பதிப்பாளரிடம் தொகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகள் போன் பண்ணி, "அப்பா, அம்மா ஏம்ப்பா எழுதல? சண்டையா?" என்று கேட்டாள். சண்டையாக இருந்தால் நான் ஏன் கவலைப்படுகிறேன்? சண்டை எங்கள் வீட்டில் காப்பி மாதிரி, தினமும் உண்டு. இது வேறு. தொலைக்காட்சியில் தொடர் ஓடும்; அவள் பார்ப்பாள்; ஒன்றும் சொல்ல மாட்டாள். மாமியார் மாடிப்படியில் நின்று பேசிவிட்டு இறங்கிப் போவார். எனக்குப் பயமாக இருந்தது.

பதிப்பாளர் கடைக்கே வந்துவிட்டார். பேசிக்கொண்டே ஒவ்வொரு பிரேமாக எடுத்துப் போட்டுக் கழற்றினார்.

"அண்ணே, நீங்கதான் சொல்லணும். அந்தக் கட்டுரைய எடுத்துட்டாக்கூடப் பரவாயில்ல. புத்தகம் வந்தாப் போதும்."

"நான் சொல்லி அவ என்னைக்குங்க கேட்டிருக்கா?"

இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். சின்ன வயது, அந்தக் காலம், எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று தொடங்கினேன்.

"சப்பைக்கட்டு கட்டாதீங்க" என்றாள். "விசாரிக்காம தீர்ப்பு சொன்னவ நான். அதை நம்பித்தான் வேலை கொடுத்தாங்க, பத்தி கொடுத்தாங்க. அடுத்தவன் எழுத்தை எல்லாம் 'ஆதாரம் எங்க, ஆதாரம் எங்க'ன்னு கேட்டு வெட்டியிருக்கேன். என்னோட அஸ்திவாரமே இப்படி இருக்கு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுட்டு எழுதறது? ஓய்வு கொடுக்கப் போறாங்க இல்ல, கையும் ஓய்வு எடுக்கட்டும்."

சொல்லிவிட்டு அந்தப் பழைய பத்திரிகையை விரித்தாள். தொடரில் வருகிற வில்லியின் குரலில் அதிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். வரிக்கு வரி ஒரு நக்கல். "இதைக் கேளுங்க, மகாராணி சொல்றாங்க... இது இன்னும் பிரமாதம்..." அவள் எத்தனையோ பேரை அந்த மேசையில் வைத்துக் கிழித்திருக்கிறாள், நான் ரசித்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"போதும் நிறுத்து!" என்று கத்தினேன். "நீ யாரை வேணா திட்டு. என்னைத் திட்டு. அந்தப் பொண்ண மட்டும் திட்டாத."

"எந்தப் பொண்ண?"

"இதை எழுதினாளே, அந்தப் பொண்ண. அவளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? விடுதியில ஒரு அறையில ஆறு பேரு. எழுத மேசை கிடையாது, டிரங்குப் பெட்டி மேல வெச்சு எழுதினா. அவ அப்பா படிச்சது போதும் வான்னு ஆள் அனுப்பிட்டே இருந்தாரு. துறையில ஒருத்தரும் அவகூட பேச மாட்டாங்க. இவ்வளவுக்கும் நடுவுல உக்காந்து எழுதினா. தப்பா எழுதினா, சரி. ஆனா பயப்படாம எழுதினா. இப்ப நீதான் பயப்படற."

அவள் பத்திரிகையைக் கீழே வைத்தாள்.

"தப்பு தப்புதானே?"

"தப்புதான். நான் இல்லேன்னா சொன்னேன்? ஃபெயில் போட்டியே, நானும் ஒத்துக்கறேன். உன் மாணவிக்கு என்ன சொன்ன? திரும்ப எழுதுன்னு சொன்னேல்ல? இவளுக்கு மட்டும் ஏன் காலேஜ விட்டே போன்னு சொல்ற?"

பேசி முடித்த பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியது கிடையாது. விமர்சகரை வாயடைக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இல்லை. ஐயோ, அதிகமாகப் பேசிவிட்டோமே என்றுதான் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் கல்லூரியிலிருந்து தாமதமாக வந்தாள். எங்கே போனாய் என்றால், "ஒரு வேலை" என்றாள். செருப்பெல்லாம் புழுதி. சமையலறை மேசையில் என்னை உட்கார வைக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலக் கடை திறந்து பேப்பரை விரித்தேன். நடுப்பக்கத்தில் அவளுடைய பத்தி இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்குப் போன முதல் பத்தி. ஒரு பெரியவருக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்; அவரைக் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அது ஒரு விமர்சனம். இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் மாத நாவல்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு விமர்சனம். அந்தப் பெண் தான்தான் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டாள். பிறகு வழக்கம்போலக் கத்தரியை எடுத்துக்கொண்டாள். கொஞ்சமும் தாட்சண்யம் பார்க்கவில்லை. தீர்ப்புக்கு முன் விசாரணை இல்லை, ஒரு வாசகரிடமும் பேசவில்லை, அழகான வாக்கியத்தை நம்பி உண்மையைக் கோட்டை விட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாள். கட்டுரையாளர் செய்யாமல் விட்ட வேலையை இப்போது தான் செய்ததாகவும் எழுதியிருந்தாள். பஸ் நிலையத்தில் மாத நாவல் வாங்கிய ஒரு பெண்ணிடம், முடிவுதான் முன்னாடியே தெரியுமே, பிறகு எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். "தெரிஞ்ச முடிவு ஒண்ணாவது வேணும்ல?" என்று பதில் வந்திருக்கிறது. 'இந்தப் பதிலோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் தூங்குகிறவர் சொல்லும் பதில் அல்ல இது' என்று எழுதியிருந்தாள்.

இப்போது தொகுப்பில் முதல் கட்டுரைக்கு அடுத்ததாக இருப்பது இந்த விமர்சனம்தான். பிறகு அவள் சம்மதிக்கவே, பதிப்பாளர் இதையும் சேர்த்துப் புத்தகத்தைப் போட்டார். அன்றைக்கு நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. இத்தனை வெட்டு வெட்டிவிட்டு எப்படி முடித்திருக்கிறாள் என்று கீழே பார்த்தேன்.

'கட்டுரை தேறவில்லை. மதிப்பெண் முப்பத்தெட்டு. அதில் மாற்றம் இல்லை. ஆனால் எழுதியவர் யாருக்கும் பயப்படவில்லை. இவர் தொடர்ந்து எழுத வேண்டும்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பெரியவர், "என்ன தம்பி, கெட்ட செய்தியா?" என்று கேட்டார். இல்லைங்க, என் வீட்டுக்காரி எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார்.

வீட்டுக்குப் போன் பண்ணினேன். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"என்னங்க, சீக்கிரம் சொல்லுங்க. நடுவுல இருக்கேன்."

"எதுக்கு நடுவுல?"

"அடுத்த வாரத்துக்கு."

ஒன்றுமில்லை, நீ எழுது என்று சொல்லி வைத்துவிட்டேன்.